பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை: லினக்ஸ் மின்ட்டோடு மூன்று இரவுகள்

வியாழக்கிழமை இரவு பதினொன்றேகால் மணி இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தின் பொன்விழா மலருக்குப் பக்க வடிவமைப்பு செய்துகொண்டிருந்தேன். மொத்தம் 96 பக்கம், திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும், 81 பக்கம் முடிந்திருந்தது. இன்றைக்கு இது போதும் என்று எல்லாவற்றையும் மூடினேன். திரையின் கீழ் மூலையில் கேடயப் படம் ஆரஞ்சுப் புள்ளியோடு பல நாளாக நின்றுகொண்டிருந்தது. சரி, தூங்கப் போகும் நேரம்தானே என்று அப்டேட்டைக் கொடுத்தேன். முடிந்ததும் ரீஸ்டார்ட். லாகின் திரை வந்தது. பாஸ்வேர்டைப் போட்டேன். திரை ஒரு நொடி கறுத்தது. மறுபடி அதே லாகின் திரை, என் பெயரோடு, பாஸ்வேர்டுக் கட்டம் காலியாக.

அவசரத்தில் தப்பாக அடித்திருப்பேன் என்று நினைத்தேன். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். கறுத்தது, திரும்பி வந்தது. முப்பது தடவையாவது போட்டிருப்பேன். வயிற்றில் ஏதோ பிசைவதுபோல ஆகிவிட்டது. தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே நாலு வருடமாக இந்த வேலை செய்கிறேன். பழைய லேப்டாப், 8 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 21 என்ற இலவச இயங்குதளம், அதன் திரை முகமான சின்னமன் டெஸ்க்டாப், பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ், எழுத லிப்ரேஆஃபிஸ். விலை கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத எனக்கு இவைதான் தொழிலைக் கொடுத்தன. ஆனால் வீட்டிலும் தெருவிலும் லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அந்த மூன்று நாளும் கேட்க ஆளில்லாமல் தவித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாத முதல் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு தப்பு என்றால் லாகின் திரை அதை எழுத்தில் சொல்லும், திரை கறுக்காது. திரை கறுத்துத் திரும்பி வருகிறது என்றால் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டுவிட்டது, அதற்கு அடுத்த படியில் தடுமாறுகிறது என்று அர்த்தம். நாம் ஒரே பொருளாகப் பார்க்கும் அந்தத் திரை உண்மையில் அடுக்கடுக்கானது. அடியில் கெர்னல், வன்பொருளை இயக்கும் மையப் பகுதி. அதன் மேல், படம் வரையும் எக்ஸ் என்ற அமைப்பு. 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இன்று ஓடும் 11-ஆம் பதிப்பின் வழி 1987-இலிருந்து வருகிறது. அதற்கு மேல் பாஸ்வேர்டு கேட்கும் லைட்டிஎம். பாஸ்வேர்டு சரியானதும் அது சின்னமனை எழுப்பும். அப்புறம் சின்னமன்தான் ஜன்னல்களையும் கீழ்ப் பட்டையையும் கொண்டுவரும். எனக்கு அறுந்தது லைட்டிஎம்முக்கும் சின்னமனுக்கும் நடுவில். அடியில் இருந்த கெர்னல், என் ஃபைல்கள், நெட் இணைப்பு எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. இதை அன்றிரவே யாராவது சொல்லியிருந்தால் நான் அப்படி அழுதிருக்க மாட்டேன்.

இப்போது திரும்பிப் பார்த்தால் ஒரு வாரம் முன்னாலேயே அறிகுறிகள் வந்திருக்கின்றன. வால்பேப்பரை மாற்றினால் அடுத்த நாள் பழையதே வந்து நின்றது. ஒருநாள் கீழ்ப் பட்டை காணாமல் போய், சின்னமன் நின்றுவிட்டது, மறுபடி தொடங்கட்டுமா என்று கேட்டது. தொடங்கு என்றேன், வந்துவிட்டது. டிஸ்கில் இடம் குறைவு என்று ஓர் அறிவிப்பு இரண்டு மூன்று தடவை மேலெழுந்தது, வேலை மும்முரத்தில் மூடிவிட்டேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஆனால் மாற்றிய அமைப்பு மறுநாள் நிலைக்கவில்லை என்றால், அதை எழுதிவைக்க டிஸ்கில் இடமில்லாமல் இருக்கலாம். அதை மட்டுமாவது அலட்சியம் செய்யாதீர்கள்.

முதல் இரவுக்கு வருகிறேன். போனில் தேடித் தேடிக் கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் அடித்தேன். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கறுப்புத் திரை வரும், அதில் கட்டளை அடிக்கலாம் என்ற அளவில் தெரிந்திருந்தது. சின்னமனைத் திரும்ப நிறுவச் சொல்லியிருந்தார்கள், அடித்தேன். வரிகள் மளமளவென்று ஓடின. நடுவில் 28 என்ற எண்ணோடு ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று ஒரு வரி. அதைப் படித்தேன். ஏதோ டிவைஸ், பென்டிரைவைச் சொல்கிறது போல என்று நினைத்துக் கடந்துவிட்டேன். என் பிரச்சினைக்கான பதிலே அந்த ஒரு வரிதான். டிஸ்கில் எழுத இடமில்லை என்பதற்கு லினக்ஸ் வைத்திருக்கும் எண் 28. இரவு ஒரு மணிக்குப் பயத்தோடு உட்கார்ந்திருக்கும்போது இருபது வரியில் எது முக்கியம் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தத் திரையைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் காலையில் தெளிந்த மூளையோடு பார்த்திருப்பேன். இப்போதெல்லாம் பிழை எதுவானாலும் முதலில் போட்டோ எடுத்துவிடுகிறேன்.

அதே இரவில் இன்னொன்றும் செய்தேன். அந்த விவகாரம் என்னை இரண்டு நாள் அலையவிட்டது. நம் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) என்று ஒரு குட்டி ஃபைல் மறைந்திருக்கும். திரையில் படம் வரைய இந்த ஆளுக்கு அனுமதி உண்டு என்பதற்கான சீட்டு அது. லாகின் சுற்றிச் சுற்றி வந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்கு என்று ஓர் இடத்தில் படித்தேன். கட்டளைக்கு முன்னால் சூடோ போட்டால்தான் வேலை நடக்கும் என்று எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. சூடோ போட்டு அழித்தேன், சூடோ போட்டு டச் கட்டளையால் காலி ஃபைல் ஒன்றை உண்டாக்கினேன். சூடோ என்றால் ரூட் என்ற தலைமைப் பயனரின் கையால் செய்வது. ஆக, என் வீட்டுக்குள் என் பெயரில் இருக்க வேண்டிய சீட்டு ரூட்டின் பெயருக்குப் போய்விட்டது. அது எனக்குத் தெரியவே இல்லை. உண்மையில் அந்த ஃபைலை அழித்தால் மட்டும் போதும், அடுத்த லாகினில் லைட்டிஎம் தானே புதிதாக உண்டாக்கிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைத் தம்பி ஆன் செய்து பார்த்தார். “அக்கா, லினக்ஸா? இதெல்லாம் யாருக்கா போட்டுக் கொடுத்தா? டிஸ்க் போயிருக்கும், ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தந்துடறேன்” என்றார். உள்ளே வேலை இருக்கிறது தம்பி என்றேன். “டேட்டா எடுக்கறது தனி, ஆயிரத்தைந்நூறு ஆகும், வரும்னு கேரண்டி சொல்ல முடியாதுக்கா” என்றார். அந்த நிமிடத்தில் சரி என்று வாய்வரை வந்துவிட்டது. அதே நேரம் தலைமையாசிரியரின் போன். “என்னம்மா, திங்கட்கிழமை ஃபைல் வந்துடும்ல?” அவருக்கு வந்துடும் சார் என்று சொல்லிவிட்டுத் தம்பியிடம் வேண்டாம் என்றேன். பார்த்ததற்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். டிஸ்க் போய்விட்டது என்ற பயத்தில் 2,100 ரூபாய்க்கு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கினேன். போக வர ஆட்டோ 160. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். ஆனால் லாகின் திரை வரை ஒழுங்காக வரும் ஒரு லேப்டாப்பில் டிஸ்க் செத்திருக்க வாய்ப்பு குறைவு என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். லாகின் திரையும் அதே டிஸ்கிலிருந்துதான் எழுந்து வருகிறது. கையில் பேக்கப் இல்லாதவரை ஃபார்மேட் என்ற சொல்லுக்குத் தலையாட்டாதீர்கள்.

அன்று இரவு ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இனி ஒவ்வொன்றாகத்தான் செய்வது, செய்ததையெல்லாம் எழுதுவது என்று முடிவு. (கட்டளைகளைப் போனில் ஒருவருக்குச் சொல்வதுபோலவே எழுதுகிறேன். பெரிய எழுத்து என்று சொல்லாத இடமெல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, மைனஸ் என்றால் சிறுகோடு.) மின்ட்டில் லாகின் திரை வழக்கமாக ஏழாவது திரையில் இருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் கறுப்புத் திரை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தினால் பழையபடி லாகின் திரை. சில லேப்டாப்பில் எஃப்என் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கறுப்புத் திரையில் பெயரை அடித்து என்டர், பிறகு பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம். பாஸ்வேர்டில் எண்கள் இருந்தால் வலப்பக்க எண்பலகையை நம்பாமல் மேல் வரிசை எண்களையே அடியுங்கள். உள்ளே போய், வரிசையாக என் ஃபோல்டர்களைப் பார்த்தபோது எனக்கு உயிர் திரும்பி வந்தது. எல்லாம் இருந்தது.

இருந்தது, ஆனால் படிக்க முடியவில்லை. நான் எல்லா ஃபோல்டருக்கும் தமிழில்தான் பெயர் வைப்பேன். கறுப்புத் திரையில் அத்தனையும் வரிசையாகச் சதுரங்களாகத் தெரிந்தன. முதலில் ஃபைல்கள் கெட்டுவிட்டன என்று நெஞ்சு அடைத்துவிட்டது. கெடவில்லை. அந்தத் திரையின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்குத்தான் இடம். கொம்பும் காலும் சேர்ந்து உருமாறும் தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டும் ஏற்பாடும் அதில் கிடையாது. பெயர்கள் டிஸ்கில் பத்திரமாக இருக்கும், காட்டத் தெரியாது, அவ்வளவுதான். காட்டாதது மட்டுமல்ல, தமிழில் அடிக்கவும் வழியில்லை. அப்படியானால் மலர் ஃபோல்டரை எப்படிக் குறிப்பிடுவது? அதைப் பெயர் சொல்லித் தொடவே வேண்டாம், அது உட்கார்ந்திருக்கும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும் என்று புரிய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. எல்எஸ்பிஎல்கே என்று அடித்தால் பென்டிரைவின் பெயர் தெரியும், எனக்கு எஸ்டிபி1. அதை மவுண்ட் செய்து (சிஸ்டத்தோடு இணைத்து), டாக்குமென்ட்ஸ் முழுவதையும் டார் கட்டளையால் ஒரே மூட்டையாகக் கட்டிப் பென்டிரைவில் போட்டேன். மூட்டைக்குள் தமிழ்ப் பெயர்கள் அப்படியே இருக்கும். என் மூட்டை 2.3 ஜிபி. பென்டிரைவ் ஃபேட்32 வகையாக இருந்தால் ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது, அப்போது ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்துக் கட்ட வேண்டும். முடிந்ததும், எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடிக்கச் சொல்லும் சிங்க் என்ற கட்டளையை அடித்து, அது திரும்பி வரும்வரை காத்திருந்து, யுமவுண்ட் செய்து இணைப்பை விடுவித்த பிறகே பென்டிரைவைப் பிடுங்கினேன். இதற்கப்புறம் கை நடுங்கவில்லை. நான் முதல் இரவே செய்திருக்க வேண்டிய முதல் வேலை இது.

அடுத்து டிஎஃப் மைனஸ் எச். டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் கட்டளை. சாய்கோடு மட்டும் போட்டிருக்கும் வரியைப் பார்க்க வேண்டும், அதுதான் முழு சிஸ்டம். எனக்கு 100% என்று வந்தது, மிச்சம் பூஜ்யம். எது தின்றது என்று பார்க்க, சூடோ டியூ மைனஸ் எக்ஸ்எச், அதோடு ஒரே ஓர் அடுக்கு ஆழம் மட்டும் காட்டச் சொல்லும் மைனஸ் மைனஸ் மேக்ஸ்-டெப்த்=1, கடைசியில் ஒரு சாய்கோடு. டைம்ஷிஃப்ட் என்ற ஃபோல்டர் 51 ஜிபி! 120 ஜிபி டிஸ்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

இதில் தப்பு முழுக்க என்னுடையது. டைம்ஷிஃப்ட் என்பது சிஸ்டம் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் கருவி, மின்ட்டிலேயே வருகிறது. அது சாதாரணமாக ஹோம் ஃபோல்டரைத் தொடாது. சிஸ்டம் ஃபைல்களை மட்டும் பார்த்துக்கொள்ளும். வேலைக்கும் ஒரு காப்பு இருக்கட்டுமே என்று நான்தான் ஹோம் முழுவதையும் சேர்க்கச் சொல்லி, தினமும் ஒன்று, வாரத்துக்கு ஒன்று என்று வைத்திருந்தேன். மாறாத ஃபைலுக்கு அது இன்னொரு பிரதி எடுக்காது, பழைய பிரதியையே சுட்டிக்காட்டி இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஒரு ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் முழு ஃபைலையும் புதிதாக எழுதும். மலரின் பிடிஎஃப் மட்டும் 400 எம்பி, தினமும் மாறும். படங்களையும் தினமும் திருத்திக்கொண்டிருந்தேன். அதோடு காப்பு இருந்ததும் அதே டிஸ்கில். அந்த டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இன்னொன்று: லினக்ஸ் டிஸ்கில் வழக்கமாக 5% இடம் ரூட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். நாம் நிரப்பிவிட்டாலும் சிஸ்டம் மூச்சு விட அது உதவும். டைம்ஷிஃப்ட் ஓடுவது ரூட்டாக என்பதால் அந்த ஒதுக்கீட்டையும் அதுவே தின்றுவிட்டது. கடைசியாக நான் கொடுத்த அப்டேட் மிச்சத்தை நிரப்பியிருக்கிறது. லாகின் செய்யும்போது அந்த அனுமதிச் சீட்டை எழுதக்கூட இடமில்லை, அதனால்தான் திரை கறுத்துத் திரும்பியது.

டைம்ஷிஃப்ட் ஃபோல்டரைக் கையால் அழிக்கக் கூடாது. சூடோ டைம்ஷிஃப்ட் மைனஸ் மைனஸ் லிஸ்ட் என்றால் பட்டியல் வரும். மைனஸ் மைனஸ் டெலீட் என்று, எந்தப் பிரதி என்பதை ஸ்னாப்ஷாட் என்ற சொல்லோடு சொன்னால் அதுவே முறையாக நீக்கும். கடைசி ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நீக்கினேன். சூடோ ஏபிடி கிளீன் அடித்தால் இறக்கி வைத்த நிறுவல் பொட்டலங்கள் போகும். சிஸ்டத்தின் நாட்குறிப்பான ஜர்னல், விட்டால் 4 ஜிபி வரைக்கும் வளரும். அதை சூடோ ஜர்னல்சிடிஎல் மைனஸ் மைனஸ் வேக்யூம்-சைஸ்=200எம் (எம் பெரிய எழுத்து) என்று சுருக்கினேன். டிஎஃப் இப்போது 58% என்றது. மணி நாலு. கையைக் கூப்பிக்கொண்டுதான் ரீஸ்டார்ட் செய்தேன். பாஸ்வேர்டு. கறுத்தது. திரும்பி லாகின் திரை.

எனக்கு ஏற்பட்ட சோர்வை எழுதத் தெரியவில்லை. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத் தரையிலேயே படுத்துவிட்டேன். இடப் பிரச்சினை காரணமே இல்லை போல என்று முடிவுகட்டியதுதான் சனிக்கிழமையைத் தின்ற தப்பு. ஒன்றைச் சரிசெய்தும் அறிகுறி மாறவில்லை என்றால் அந்தக் காரணம் பொய் என்று ஆகிவிடாது, இரண்டாவது காரணம் ஒன்று ஒளிந்திருக்கலாம். நான் அப்படி யோசிக்கவில்லை. காலையில் போன் ஹாட்ஸ்பாட்டில் சின்னமனைத் திரும்ப நிறுவினேன். பலனில்லை. டேட்டா தீர்ந்து இரண்டு முறை கூடுதல் பேக் போட்டேன். சின்னமன்தான் கெட்டது என்று எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பை இறக்கி, லாகின் திரையில் அதைத் தேர்ந்தெடுத்துப் போனேன். அதுவும் கறுத்துத் திரும்பியது. அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும்: இரண்டு வேறு டெஸ்க்டாப்புகள் ஒரே மாதிரி விழுந்தால் கோளாறு இரண்டிலும் இல்லை, இரண்டுக்கும் பொதுவான ஓரிடத்தில் இருக்கிறது. அது உறைக்கச் சாயங்காலம் ஆறு மணி ஆயிற்று.

அப்புறம்தான் இந்தக் கட்டுரையிலேயே நான் முக்கியமாக நினைக்கும் சோதனையைச் செய்தேன். கறுப்புத் திரையில் சூடோ ஆட்யூசர் சோதனை என்று தமிழில் அடிக்க முடியாதே, டெஸ்ட் என்று ஆங்கிலத்தில் புதிய பயனர் ஒருவரை உண்டாக்கினேன். பாஸ்வேர்டு கேட்கும், பெயர், போன் நம்பர் என்று ஏதேதோ கேட்கும், அவற்றுக்கு என்டர் தட்டினால் போதும். லாகின் திரைக்கு வந்து டெஸ்ட்டாக நுழைந்தேன். பச்சை நிற மின்ட் டெஸ்க்டாப் பளிச்சென்று திறந்தது. இரண்டே நிமிட வேலை. புதிய ஆளால் நுழைய முடிகிறது என்றால் கெர்னல், டிரைவர், எக்ஸ், லைட்டிஎம், சின்னமன் எல்லாமே சுத்தம். கோளாறு என் ஹோம் ஃபோல்டருக்குள் மட்டும்தான். புதிய ஆளாலும் முடியவில்லை என்றால் சிஸ்டம் பக்கம் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை இரவே இதைச் செய்திருந்தால்? டிஸ்க் நிறைந்திருந்ததால் புதிய ஆளும் விழுந்திருப்பார், அதிலிருந்தே கோளாறு சிஸ்டத்தில் என்று புரிந்து இடத்தைப் பார்த்திருப்பேன். சனிக்கிழமை காலை செய்திருந்தால் அன்றைய பகல் மிஞ்சியிருக்கும்.

என் பெயரில் கறுப்புத் திரைக்குப் போய் எல்எஸ் மைனஸ் எல்ஏ அடித்தேன். மறைந்திருக்கும் ஃபைல்களும் தெரியும், ஒவ்வொன்றும் யாருடையது என்பதும் தெரியும். வரிசையாக என் பெயர், என் பெயர். எக்ஸ்அத்தாரிட்டி வரியில் மட்டும் ‘ரூட் ரூட்’. அளவு பூஜ்யம். அந்த இரண்டு சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வியாழன் இரவு நான் என் கையால் வைத்தது. உரிமையாளரை மாற்றும் கட்டளை சௌன்: சூடோ சௌன், பிறகு இடைவெளி விடாமல் என் பெயர், கோலன் (:), என் பெயர், பிறகு அந்த ஃபைலின் முழு முகவரி. ஒரே வரி. வேறு ஏதாவது ரூட் பெயரில் கிடக்கிறதா என்று ஃபைண்ட் கட்டளையில் மைனஸ் யூசர் ரூட் என்று ஹோமைத் தேடியதில் இன்னும் மூன்று ஃபைல்கள் சிக்கின, எப்போதோ சூடோ போட்டு எடிட்டரைத் திறந்ததன் விளைவு. அவற்றையும் மாற்றினேன். சௌன் கட்டளையில் மைனஸ் ஆர் (பெரிய எழுத்து, உள்ளே உள்ள எல்லாவற்றையும் மாற்றும்) போட்டு அவசரத்தில் வெறும் சாய்கோட்டைக் கொடுத்துவிடாதீர்கள், மொத்த சிஸ்டத்தின் உரிமையும் மாறி எல்லாம் கெட்டுவிடும். உங்கள் ஹோமின் முழு முகவரியை எழுதி, இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். இரவு 2.10-க்கு என் டெஸ்க்டாப் திறந்தது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

உள்ளே எல்லாம் பழையபடி இல்லை. டிஸ்க் நிறைந்திருக்கும்போது எழுதப் போய் சில அமைப்பு ஃபைல்கள் வெறும் பூஜ்யமாகிவிட்டிருந்தன. கீழ்ப் பட்டையில் நான் வைத்திருந்தவை போய்விட்டன. தமிழ்99 விசைப்பலகை காணோம். தட்டச்சு மொழிகளைக் கவனிக்கும் ஐபஸ் அமைப்பில் போய் மறுபடி தமிழைச் சேர்த்துத் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தேன். உங்களுக்கு அந்தப் பட்டியலிலேயே தமிழ்99 வரவில்லை என்றால் ஐபஸ்-எம்17என் பொட்டலத்தை நிறுவ வேண்டும். பாதியில் நின்ற அப்டேட்டை முடிக்க சூடோ டிபிகேஜி மைனஸ் மைனஸ் கான்ஃபிகர் மைனஸ் ஏ ஓட்டினேன். டெஸ்ட் பயனரை டெல்யூசர் கட்டளையால் நீக்கினேன். மலரின் 81 பக்கமும் அப்படியே இருந்தது. ஸ்கிரைபஸில் அட்டைப் பக்கம் திறந்து, பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடப் படம் திரையில் வந்தபோதுதான் முழு மூச்சு விட்டேன்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்தும் திங்கள் காலைக்குள் முடியவில்லை. செவ்வாய் மதியம்தான் கொடுத்தேன். அச்சகத்தில் எங்கள் முறை போய்விட்டது, வேறு அச்சகத்துக்கு மாற்றியதில் ஆன கூடுதல் செலவில் 2,000 ரூபாயை என் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அது நியாயம்தான். 9,000 ரூபாய் வேலையில் கடைக்கு 500, எஸ்எஸ்டி 2,100, ஆட்டோ 160, பிடித்தது 2,000, ஆக 4,760 ரூபாய் போயிற்று. டேட்டா பேக் கணக்கு தனி. பணத்தைவிட, அந்தத் தலைமையாசிரியரிடம் ‘வந்துடும் சார்’ என்று சொன்ன சொல் தவறிப்போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

உங்களுக்கு வேறு காரணமாக இருக்கலாம். அப்டேட்டுக்குப் பிறகு லாகின் திரையே வராமல் வெறும் கறுப்பாக நின்றால் புதிய கெர்னலுக்கும் கிராஃபிக்ஸ் டிரைவருக்கும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். லேப்டாப் எழும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்டைப் பிடித்தால் எதை எழுப்புவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் அதே பட்டியலில் ஈ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து எஃப்10 கொடுங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் எளிய முறையில் படம் வரையும், உள்ளே போய் டிரைவரைப் பார்க்கலாம். உள்ளே போன பிறகு பட்டை, ஜன்னல் எல்லாம் உறைந்துவிட்டால் சின்னமனில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் அழுத்தினால் சின்னமன் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் வேலை போகாது. க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பில் எக்ஸ்டென்ஷன்கள் எனும் கூடுதல் வசதிகள் பல சமயம் காரணமாகும், அவற்றின் ஃபோல்டருக்குப் பெயரை மாற்றிவிட்டு நுழைந்து பார்க்கலாம். எந்தச் சந்தேகமானாலும் அழிக்காதீர்கள், பெயரை மாற்றி வையுங்கள், காரணம் அது இல்லை என்றால் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். எங்கே விழுந்தது என்று பார்க்க ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் பி எர் (-b -p err) போதும், இந்த முறை ஓட்டத்தில் வந்த பிழைகளை மட்டும் காட்டும்.

பயத்தில் வாங்கிய அந்த 240 ஜிபி எஸ்எஸ்டியை 350 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி உறை வாங்கி அதில் போட்டுவிட்டேன். டைம்ஷிஃப்ட் இப்போது அதற்குத்தான் எழுதுகிறது, சிஸ்டம் ஃபைல்கள் மட்டும். வேலை ஃபோல்டர்களை வாரம் இரண்டு முறை நானே அதில் தனியாகப் பிரதி எடுக்கிறேன். ஃபைல்களுக்குத் தமிழ்ப் பெயர்தான் வைக்கிறேன், அதை விட மனமில்லை. ஆனால் எல்லாவற்றையும் வேலை என்று பொருள்படும் ஆங்கில எழுத்துப் பெயர் கொண்ட ஒரே ஃபோல்டருக்குள் வைக்கிறேன், கறுப்புத் திரையிலிருந்து தொட முடியும்படி. அப்டேட்டை வேலை கொடுத்து முடித்த மறுநாள்தான் கொடுப்பது. நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்: முதலில் பிரதி, அப்புறம் டிஎஃப், அப்புறம் புதிய பயனர், அப்புறம் எல்எஸ் மைனஸ் எல்ஏ. திங்கட்கிழமை காலைகளில் வேலை தொடங்கும் முன் டிஎஃப் மைனஸ் எச் அடித்துப் பார்க்கிறேன். இந்த வாரம் 61%.